29ஆவது வாரத்தில் கடற்கரைக்குப் போகலாமா? திட்டம் போட்டிருக்கிறேன், குறை சொல்லுங்கள்

வாளியும்மண்ணும்
எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு முதல் குழந்தை. மனைவிக்கு இப்போது 29ஆவது வாரம். எங்கள் இருவருக்கும் வெளியே போவது என்றாலே கடற்கரைதான், கல்யாணத்துக்கு முன்பிருந்தே. ஆனால் கருவுற்ற பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. முதல் மூன்று மாதம் வாந்தி. அப்புறம் எனக்கு வேலை. அப்புறம் வீட்டுப் பெரியவர்களின் பயம். இந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை கேட்டுவிட்டாள். மூன்றாவது முறை கேட்டபோது குரலில் கோபம் தெரிந்தது.

மருத்துவரிடம் கேட்டேன். இரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி இருக்கும் இடம் எல்லாம் சரியாக இருக்கிறது, போய்வாருங்கள், அலையில் மட்டும் விளையாட வேண்டாம் என்றார்.

என் திட்டம் இதுதான். காலை 8 மணிக்குக் காரில் கிளம்புகிறோம். ஒன்றரை மணி நேரப் பயணம். பத்து மணிக்குள் கடற்கரை. சாயங்காலம் வரை அங்கேயே இருக்கிறோம். நாலு மணிக்கு ஒரு போட்டோகிராபரை வரச் சொல்லியிருக்கிறேன், அது அவளுக்குத் தெரியாது. குடை, பாய், ஐஸ்பெட்டி, மடக்கு நாற்காலி இரண்டு, எல்லாம் எடுத்துவைத்தாயிற்று. எதை விட்டிருக்கிறேன்?

சந்தேகச்சாமி
எதை விட்டீர்கள் என்றால், வீட்டிலேயே இருப்பதை விட்டீர்கள். இன்னும் இரண்டரை மாதம்தானே? கடல் எங்கேயும் ஓடிப்போகாது. குழந்தை பிறந்ததும் மூன்று பேராகப் போங்கள்.

இரண்டுபெற்றவள்
சாமி, உங்களுக்குக் குழந்தை இல்லை என்று தெரிகிறது. "பிறந்ததும் போகலாம்" என்று நானும் நம்பினேன். பிறந்த பிறகு ஒரு மனுஷி தனியாகக் குளிக்கப் போவதே பெரிய பயணம். கடலுக்கு நாங்கள் மறுபடி போனது குழந்தைக்கு ஒன்றரை வயதில். அப்போதும் மண்ணைத் தின்னாமல் பார்த்துக்கொள்வதே வேலையாக இருந்தது, கடலைப் பார்க்கவே இல்லை.

தம்பி, அழைத்துப் போங்கள். ஆனால் உங்கள் திட்டம் கேட்கவே களைப்பாக இருக்கிறது.

இரவுப்பணி
நான் பிரசவ வார்டில் செவிலி. உங்கள் மருத்துவர் அவரை நேரில் பார்த்துச் சொன்னதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பத்து மணி கண்ணை உறுத்துகிறது. புற ஊதாக் கதிர் உச்சத்தில் இருப்பது காலை 10 முதல் மாலை 4 வரை. நீங்கள் சரியாக அந்த ஆறு மணி நேரத்தையும் தேடிப் பிடித்திருக்கிறீர்கள்.

ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், கர்ப்பிணியின் உடம்பு இப்போது ஏற்கெனவே வேலைப்பளுவில் இருக்கிறது. இரத்தத்தின் அளவு வழக்கத்தைவிட 40 முதல் 50 சதவீதம் கூடியிருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் இதயம் நிமிடத்துக்குப் பத்து இருபது துடிப்பு கூடுதலாக ஓடும். இரத்தக் குழாய்களும் தளர்ந்திருக்கும். இதன்மேல் வெயிலும் பட்டால், சூட்டை வெளியேற்ற இரத்தம் தோலுக்குப் போகிறது. கீழே உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்தால் கண் இருட்டிவிடும். "நல்லாத்தான் இருந்தா, எழுந்தா, விழுந்துட்டா" என்று சொல்லிக்கொண்டு எங்களிடம் வரும் கணவர்கள் நிறைய.

அடுத்தது தண்ணீர். சாதாரண நாளிலேயே 2 முதல் 3 லிட்டர் வரை திரவம் வேண்டும். கடற்கரையில் ஏமாற்றுவது காற்று. வேர்வை வந்த வேகத்திலேயே காய்ந்துவிடும், வேர்க்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருப்போம். உடம்பில் தண்ணீர் குறைந்தால் கருப்பை அடிக்கடி இறுகத் தொடங்கும். பெரும்பாலும் பொய்வலிதான். ஆனால் முதல் குழந்தையில் அது பொய்யா நிஜமா என்று மணலில் உட்கார்ந்துகொண்டு யோசிப்பது நன்றாக இருக்காது.

மாலை நாலரைக்குப் போய் இருட்டும் முன் திரும்புங்கள். அது போதும்.

வாளியும்மண்ணும்
நன்றி அக்கா. பெரிய குடை எடுத்துக்கொண்டு நிழலிலேயே இருந்தாலும் பகலில் கூடாதா? அவ்வளவு தூரம் போய் இரண்டு மணி நேரத்தில் திரும்புவது வீணாகத் தோன்றுகிறது.

இரவுப்பணி
குடை மேலே இருந்து வருவதைத்தான் தடுக்கும். காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும். நிழலில் உட்கார்ந்தே முகம் கறுத்துத் திரும்புகிறவர்கள் இதனால்தான். கர்ப்ப காலத்தில் மங்கு விழுவதற்கு உடம்பு தயாராகவே இருக்கும், வெயில் அதைத் தூண்டிவிடும். மாலையில் போனாலும் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் தடவட்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும். ஜிங்க் ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அவை தோலின் மேலேயே நிற்கும்.

அலைஎண்ணி
முன்பு கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்தேன். நேரம் குறிக்கும்போது வெயிலை மட்டும் பார்க்காதீர்கள், கடலின் ஏற்ற வற்றத்தையும் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையில் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிக்கொண்டே போகும். இந்தச் சனிக்கிழமை ஐந்து மணிக்கு வற்றம் என்றால் அடுத்த சனிக்கிழமை அதே ஐந்து மணிக்குக் கிட்டத்தட்ட ஏற்றமாக இருக்கும்.

இது எதற்கு உங்களுக்கு? வற்றத்தின்போது கரையோரம் அகலமாக ஈர மணல் விரியும். அது கெட்டியாக இருக்கும், தரையில் நடப்பதுபோல நடக்கலாம். காய்ந்த பொதபொத மணலில் நடக்கத் தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகும். வயிற்றைச் சுமந்துகொண்டு அதில் முந்நூறு அடி நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே வண்டி நிற்கும் இடத்துக்கும் தண்ணீருக்கும் இடையே காய்ந்த மணல் குறைவாக உள்ள கரையாகத் தேர்ந்தெடுங்கள். அழகு அப்புறம்.

ஓரமாய்நிற்பவன்
நடுவில் புகுந்ததற்கு மன்னியுங்கள். நீச்சல்? என் மனைவி நன்றாக நீந்துவாள், அவளுக்கு 24 வாரம். கர்ப்பிணிகளுக்கு நீச்சல் நல்லது என்றுதானே எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள்.

இரவுப்பணி
நீச்சல் நல்லதுதான். தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்ளும், முதுகுக்கு ஓய்வு, கால் வீக்கம்கூட வடியும். அது நீச்சல் குளத்துக்கும் அசையாத நீருக்கும். காற்று உருளையோடு ஆழத்தில் முக்குளிக்கும் ஸ்கூபா மட்டும் எந்த மாதத்திலும் வேண்டாம். ஆழத்திலிருந்து மேலே வரும்போது உண்டாகும் வாயுக் குமிழிகளிலிருந்து வயிற்றுக் குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை.

அலைஎண்ணி
கடல் வேறு விஷயம். நீந்தத் தெரிந்தவர்களைத்தான் நான் அதிகம் வெளியே இழுத்திருக்கிறேன். தெரியாதவர்கள் உள்ளே போவதே இல்லை.

அலை பெரிதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. கரையிலேயே மடிந்து உடையும் அலை, இடுப்பளவு நீரில் நிற்பவரைத் தூக்கி அடிக்கும். அலைகளுக்கு நடுவே ஓர் இடம் மட்டும் நுரை இல்லாமல் அமைதியாகத் தெரிந்தால், "இங்கே இறங்கலாம்" என்று ஆட்கள் நினைப்பார்கள். கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பிப் போகும் வாய்க்கால் பெரும்பாலும் அதுதான். இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும். கர்ப்பிணிக்கு அந்தப் பாடமே வேண்டாம். கணுக்கால், மிஞ்சினால் முழங்காலுக்குக் கீழே.

அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலிருக்கும் மணலை அள்ளிக்கொண்டு போகும். சின்ன வயதில் அந்தக் கூச்சத்துக்காகவே நிற்போம். உடம்பின் சமநிலை முன்பக்கம் சாய்ந்து, மூட்டுகளும் தளர்ந்திருக்கும் இந்தச் சமயத்தில் அந்த ஓர் அங்குலம் போதும் பின்னால் விழ. கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டாம், கால்களை அகட்டி நிற்கட்டும், நீங்கள் கையைப் பிடித்தபடி நில்லுங்கள். போன் பையில் இருக்கட்டும்.

சந்தேகச்சாமி
பாருங்கள், இத்தனை "கூடாது" சேர்ந்துவிட்டது. நான் முதலிலேயே சொன்னேன்.

இரண்டுபெற்றவள்
இத்தனை "கூடாது" மாடிப்படிக்கும் சொல்லலாம் சாமி. அதற்காக யாரும் கீழ்த்தளத்துக்குக் குடிமாறுவதில்லை.

தம்பி, நீங்கள் ஒன்றைப் பற்றி மூச்சே விடவில்லை. கழிப்பறை. 29ஆவது வாரத்தில் சிறுநீர்ப்பையின் மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறது. செவிலி சொல்லும் மூன்று லிட்டரைக் குடித்துவிட்டுத் திறந்தவெளியில் எங்கே போவாள்? இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவாள், நானும் அப்படித்தான் செய்தேன். நீங்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் கடல் இல்லை, கழிப்பறை. சுத்தமாக இருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, கைப்பிடித்து எழ ஏதாவது இருக்கிறதா.

வாளியும்மண்ணும்
இது அவர் இல்லை. நான் அவருடைய மனைவி. மடிக்கணினியைத் திறந்துவைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார்.

போட்டோகிராபரைப் பற்றி இப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதைப் பிறகு பேசிக்கொள்கிறோம்.

நான் மூன்று முறை கேட்டது உண்மை. ஒரு நாள் முழுக்க நான் கேட்கவில்லை. எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். காலை நனைக்க வேண்டும். ஏழு மாதமாக என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் வயிற்றைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். "சாப்பிட்டியா, தூங்கினியா, உதைக்குதா." அவரும்தான். கடற்கரையில் நாங்கள் முன்பெல்லாம் என்னென்னவோ பேசுவோம், இல்லையென்றால் பேசாமல் இருப்போம். அது வேண்டும். பத்து மூட்டை சாமானும் நேர அட்டவணையும் இருந்தால் அது நடக்காது.

கழிப்பறை பற்றி எழுதிய அக்காவுக்கு என் வணக்கம்.

இரண்டுபெற்றவள்
வாம்மா. இத்தனை பேரும் உன் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தோம். நானும் சேர்த்துத்தான்.

ஓரமாய்நிற்பவன்
போட்டோகிராபருக்கு முன்பணம் கொடுத்துவிட்டாரா என்று மட்டும் தெரிய வேண்டும்.

வாளியும்மண்ணும்
கொடுத்துவிட்டேன். (இது நான்தான்.) ரத்து செய்தாயிற்று.

புதுத் திட்டம்: ஞாயிறு மூன்று மணிக்குக் கிளம்புகிறோம், நாலரைக்குக் கடற்கரை, வற்றம் 5:10க்கு. ஒரு பை, இரண்டு நாற்காலி, ஐஸ்பெட்டி. மருத்துவக் கோப்பு வண்டியிலேயே இருக்கும். அந்தக் கரையிலிருந்து பிரசவம் பார்க்கும் மருத்துவமனை பதினைந்து நிமிடத்தில் இருக்கிறது என்று பார்த்துவைத்தேன். நேற்று வேலை முடிந்ததும் தனியாகப் போய்க் கழிப்பறையையும் பார்த்துவிட்டு வந்தேன். தாழ்ப்பாள் விழுகிறது.

இரவுப்பணி
இதுதான் திட்டம். இன்னும் சில சில்லறை விஷயங்கள்.

சீட் பெல்ட் கட்டாயம். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் வராமல் அடியில் இடுப்பெலும்போடு ஒட்டிப் போக வேண்டும், மேல்பட்டை மார்புக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிறு இருக்கிறதே என்று பெல்ட்டைக் கழற்றுவது தவறு. ஒன்றரை மணி நேரம்தான் என்றாலும் பாதி வழியில் நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்கட்டும்.

மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சூட்டில் விரல் வீங்கும்.

மல்லாந்து படுக்க வேண்டாம். இருபது வாரத்துக்குப் பிறகு கருப்பையின் எடை முதுகெலும்பை ஒட்டிப் போகும் பெருஞ்சிரையை அழுத்தும், இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து தலைசுற்றும். படுக்க வேண்டும் என்றால் ஒருக்களித்து. நாய் பூனை திரியும் கரை என்றால் வெறுங்காலோடு காய்ந்த மணலில் நடக்காதீர்கள், அவற்றின் கழிவிலிருந்து புழுத்தொற்று தோல் வழியாகவே ஏறும். ஈர மணல் வரை செருப்பு இருக்கட்டும்.

வெட்டிவைத்த பழம், சமைத்த சாப்பாடு எதையும் 32 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள வெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து சாப்பிடக் கூடாது. ஐஸ்பெட்டியை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டுபெற்றவள்
மல்லாந்தும் கூடாது, குப்புறவும் முடியாது என்றால் ஒரு வித்தை உண்டு. என் இரண்டாவது பிரசவத்துக்கு முன் செய்தது. ஈர மணலில் அகலமான கிண்ணம்போல ஒரு குழி, ஒரு சாண் ஆழம் போதும். மேலே துண்டை விரித்து, வயிறு குழிக்குள் இறங்கும்படி குப்புறப் படுத்தேன். மாதக்கணக்கில் குப்புறப் படுக்காத முதுகு அன்றைக்கு என்ன சொன்னது என்று எழுதத் தெரியவில்லை. வயிறு எங்கேயும் அழுந்தக் கூடாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நான் இருக்கவில்லை, எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அலைஎண்ணி
ஒரு சாண் சரி. உற்சாகத்தில் ஆழமாகத் தோண்டாதீர்கள். முழங்காலுக்கு மேல் ஆழம் போனால் மணற்குழி சரியும். போகும்போது மூடிவிட்டும் போங்கள், இருட்டில் யாராவது காலை விடுவார்கள்.

வாளியும்மண்ணும்
போய்விட்டு வந்துவிட்டோம். எழுதச் சொல்லி இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள்.

பாதி வழியில் நிறுத்தினோம், நடந்தோம். அங்கே போய்ச் சேர 4:40. முதல் வேலையாகக் கழிப்பறை. அப்புறம் நாற்காலியைப் போட்டோம். அவள் உட்கார்ந்ததும் பின்கால் இரண்டும் மணலில் இறங்கி நாற்காலி மெதுவாக மல்லாந்தது. பிடித்துவிட்டேன். அவள் சிரித்தாள், எனக்கு உயிர் போய்வந்தது. வண்டியில் கிடந்த பலகைத் துண்டுகளைக் கால்களுக்கு அடியில் கொடுத்தபின் நின்றது.

ஈர மணலில் கால் மணி நேரம் நடந்தோம். தண்ணீர் கணுக்கால் வரைக்கும். நான் கையைப் பிடித்திருந்த பிடியில் விரல் வலிக்கிறது என்றாள். அலை குதிகாலுக்கு அடியில் மணலை இழுக்கும் என்று எழுதியிருந்தீர்களே, முதல் அலையிலேயே புரிந்தது. அவள் ஒரு நொடி ஆடினாள். நான்கு மாதம் முன்பு ஆடியிருக்க மாட்டாள்.

அப்புறம் உட்கார்ந்தோம். நான் பேசாமல் இருந்தேன். கடினமாகத்தான் இருந்தது. "தண்ணி குடிச்சியா" என்று நாக்கு நுனி வரை வந்துவிடும், பாட்டிலை மட்டும் நீட்டுவேன். பத்து நிமிடம் கழித்து அவளே பேச ஆரம்பித்தாள். பிரசவத்தைப் பற்றி அவளுக்கு என்ன பயம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அது இங்கே எழுதுவதற்கு இல்லை.

ஐந்தே முக்காலுக்கு வயிறு இறுகியது. ஐந்து நிமிடத்தில் இன்னொரு தடவை. அரை மணி நேரத்தில் நான்கு. எனக்குக் கை நடுங்கியது. வண்டிக்குப் போய் இருக்கையைச் சாய்த்து, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, இரண்டு தம்ளர் தண்ணீர் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் அடங்கிவிட்டது. குழந்தையும் வழக்கம்போல் உதைத்துக்கொண்டிருந்தது. மருத்துவருக்கும் போன் செய்தோம், அடங்கிவிட்டதால் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

மோதிரம். கழற்றச் சொன்னீர்கள், மறந்துவிட்டோம். நடந்து முடித்தபோது விரல் சிவந்து மோதிரம் அசையவில்லை. கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அப்புறம் ஐஸ்பெட்டித் தண்ணீரில் முக்கி, கழிப்பறை சோப்பைத் தடவி ஒருவழியாக எடுத்தோம். மொத்தம் அங்கே இருந்தது ஒன்றே முக்கால் மணி நேரம். வீணாகத் தோன்றவில்லை.

இரவுப்பணி
வயிறு இறுகியபோது செய்தது எல்லாம் சரி, போன் செய்தது உட்பட. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக: 37 வாரத்துக்கு முன், படுத்துத் தண்ணீர் குடித்த பிறகும் இறுக்கம் சீராக நெருங்கி நெருங்கி வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நீர் கசிந்தாலோ இரத்தம் பட்டாலோ, கடுமையான தலைவலியோடு கண் மங்கினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ அப்படியே. அசைவுக்கு "ஒரு நாளைக்கு இத்தனை" என்று எல்லோருக்கும் பொதுக் கணக்குக் கிடையாது. உங்கள் குழந்தையின் வழக்கம் எதுவோ அதுதான் கணக்கு.

சந்தேகச்சாமி
நான்கு தடவை இறுகியது என்று படித்ததும் "சொன்னேனே" என்று எழுத வந்தேன். அதற்கு மேலே இருந்த பத்தியை மறுபடி படித்துவிட்டு அழித்துவிட்டேன்.

இரண்டுபெற்றவள்
சாமி மனம் இளகிய நாள் இது, எல்லோரும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். குழி தோண்டினீர்களா தம்பி?

வாளியும்மண்ணும்
தோண்டினேன் அக்கா. படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், ஆட்கள் பார்க்கிறார்களாம். கொஞ்ச நேரம் அதில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். மூடிவிட்டு வந்தோம்.

ஓரமாய்நிற்பவன்
நாங்கள் அடுத்த வாரம் போகிறோம். நீச்சல் கிடையாது, பேசி முடித்தாயிற்று. அந்த நாற்காலிப் பலகை எந்த அளவு?

வாளியும்மண்ணும்
உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, நான்கு துண்டு. சாதாரண ஒட்டுப்பலகைதான். ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டுக் கயிறு கட்டி நாற்காலியோடு முடிந்துவிடுங்கள். என்னிடம் இப்போது மூன்றுதான் இருக்கிறது.